முதல் அணி பாலம் கடந்தது

என் பெயர் பெரியண்ணன். திருவரங்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகள் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவன். காலையில் எழுந்தவுடன் வானத்தைப் பார்ப்பேன். பிறகு செய்தித்தாளில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பேன். அதன் பின்னரே பல் துலக்குவேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழிகள் எத்தனை என்று எண்ணிக்கொள்வேன். கல்யாணப் பந்தியில் அமர்ந்தால், கோட்டை அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது, பந்தல் பற்றிக்கொண்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பவற்றை நிச்சயித்த பின்னர்தான் இலையில் கை வைப்பேன். இத்தனை எச்சரிக்கை உள்ளவன் தன் வாழ்நாளில் ஒருவரையேனும் ஆபத்திலிருந்து காப்பாற்றியிருப்பான் என்று நீங்கள் எண்ணலாம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

இந்தப் பழக்கம் பிறவியில் வந்ததன்று. ஐம்பத்திரண்டாம் ஆண்டு கார்த்திகைப் புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் எழுந்து பறந்து எதிர்வீட்டுத் தோட்டத்தில் இறங்கின. நானும், என் மனைவி மயிலம்மாளும், எங்கள் ஒரே மகள் மட்டுவார்குழலியும் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தோம். வீட்டில் மூன்று தீப்பெட்டிகள் இருந்தன, மூன்றும் நனைந்துவிட்டன. நூற்றுக்கு மேற்பட்ட குச்சிகளை உரசியும் ஒன்றும் பற்றவில்லை. அந்த இருட்டில், இனி எந்த ஆபத்தும் என்னை ஆயத்தமின்றிக் காணலாகாது என்று உறுதி பூண்டேன்.

அதன் விளைவாக ஒரு பெரிய தகரப் பெட்டி வாங்கினேன். அதில் தேங்காய் நார்க் கயிறு முப்பது முழம், அரிக்கேன் விளக்கு, டிங்சர், பினாயில், பொரிகடலை, வெல்லம், ஊதல், எண்ணெய்த் துணியில் சுற்றிய வீட்டுப் பத்திரம், மாவட்ட வரைபடம், தீயணைப்பதற்கு ஒரு மூட்டை மணல் ஆகியவற்றை அடுக்கினேன். தீப்பெட்டிகளை மட்டும் தனிக் கவனத்துடன் உருக்கிய மெழுகில் முழுமையாகத் தோய்த்தெடுத்து வைத்தேன். பள்ளியில் கழித்து ஏலம் விட்ட கரும்பலகை ஒன்றைக் கூடத்துச் சுவரில் மாட்டி, அபாயக் காலக் கடமைகளை அதில் எழுதினேன். முற்றத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். அதை அடித்தால் வீட்டிலுள்ளோர் அனைவரும் இரண்டு நிமிடங்களுக்குள் முற்றத்தில் கூட வேண்டும். மாதந்தோறும் முதல் ஞாயிறு ஒத்திகை. எண் ஒன்று நான். எண் இரண்டு மயிலம்மாள். எண் மூன்று குழலி. எண் நான்கு பசு.

மயிலம்மாள் ஒரு முறையும் நேரத்துக்கு வந்ததில்லை.

“அடுப்புல பால் இருக்குங்க. வெள்ளத்தைக் கொஞ்சம் வாசல்லயே நிக்கச் சொல்லுங்க, வந்துடுறேன்” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

என் திட்டங்களிலெல்லாம் நான் மிகவும் பெருமைப்பட்டது இரண்டு அணி முறை. பள்ளி மாணவர்களைக் கல்லணைக்கு அழைத்துச் சென்ற காலத்தில் எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றியதில்லை. ஒரு வண்டிக்கு ஏதேனும் நேர்ந்தாலும் மறு வண்டி தப்பும் என்பது கணக்கு. அந்த முறையையே வீட்டிற்கும் விதித்தேன். உடல் நலிந்தோர் முதல் அணி. வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவோர் இரண்டாம் அணி.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஆனி மாதம் குழலி பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கணவர் தர்மராஜ் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். முந்தைய ஆண்டு, அங்குள்ள குடியிருப்பில் இருந்தபோது, ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டு, குழந்தை உயிரின்றிப் பிறந்தது. செய்தி கிட்டி மயிலம்மாள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. வந்த அன்று குழலி என்னிடம் ஒன்றே ஒன்றைச் சொன்னாள்.

“இந்தத் தடவ அம்மா பக்கத்துலயே இருக்கணும்ப்பா. வேற ஒண்ணும் வேணாம்.”

அடுத்த வீட்டில் பொன்னுத்தாய் இருந்தாள். எங்கள் தெருப் பிள்ளைகளுள் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். தாய் உள்ளே, மருத்துவச்சி சுவருக்கு அப்பால். அறிவுள்ள ஒருவன் இதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பான். நான் கரும்பலகையைத் துடைத்துப் புதிய பட்டியல் எழுதினேன்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் திருவரங்கம் காவிரி, கொள்ளிடம் ஆகிய இரு ஆறுகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும் தீவு. ஆகவே அக்கரையில், திருச்சியில், ஒரு மேடான இடம் வேண்டும் என்று முடிவு செய்தேன். மலைக்கோட்டையின் அடிவாரத்துச் சந்தொன்றில் மொத்த ஜவுளிக் கடை வைத்திருந்த பரக்கத் அலி என் நண்பர். நூலகத்தில் ஒரே செய்தித்தாளின் இரு பாதிகளை நாங்கள் பல ஆண்டுகளாகப் பகிர்ந்து படித்து வந்தோம். கீழே கடை, அதன் பின்கட்டில் அவர் குடும்பம், மூன்றாவது மாடியில் ஒரு காலி அறை. அதைக் கேட்டேன்.

“தாராளமா எடுத்துக்குங்க சார். காவிரி மூணு மாடி ஏறிடுச்சுன்னா நானும் உங்க கூடவே உச்சிப்பிள்ளையார்கிட்ட ஏறிடுறேன்” என்றார்.

அதை நான் இசைவாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

ஆடி ஏழாம் நாள் காலை தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. மைசூர்ப் பக்கம் பெருமழை. கொள்ளிடக்கரையோரம் குடியிருப்போர் மேடான இடங்களுக்குச் சென்றுவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். எங்கள் வீடு கொள்ளிடக்கரையில் இல்லை. ஆயினும் ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருந்த அழைப்பு அல்லவா? ஓடிச் சென்று தண்டவாளத்தை அடித்தேன்.

“தமுக்கு நம்ம தெருவுக்கா அடிச்சான்? கொள்ளிடக்கரைக்கு அடிச்சான்” என்றாள் மயிலம்மாள், கரண்டியும் கையுமாக வந்து.

“தண்ணிக்குத் தெருப் பேரெல்லாம் தெரியாது மயிலு.”

“இன்னும் பத்து நாள் இருக்குன்னு பொன்னுத்தாய் சொல்றா. இந்த நேரத்துல புள்ளயக் குதிர வண்டியில வச்சுக் குலுக்காதீங்க.”

“பாலத்துல தண்ணி ஏறுன பிறகு யாரால போக முடியும்? இப்பவே போயிடணும்.”

“சரி, போறதுன்னா நானும் கூட வரேன்.”

“அதுதான் கூடாது” என்று கரும்பலகையைக் காட்டினேன்.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?”

“இரண்டாம் அணித் தலைவர். வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு மணி பஸ்ஸுல வரணும்.”

“அணியில வேற யாரு?”

“மாடு. அதைப் பொன்னுத்தாய்கிட்ட ஒப்படைக்கணும்.”

மயிலம்மாள் குழலியின் பக்கம் திரும்பி, “நீ என்னடி சொல்ற?” என்றாள். நான் இதற்கு முன்பே மகளுக்கு வெள்ளத்தின் கன அடிக் கணக்கை விளக்கி, வேண்டிய அளவு பயமுறுத்தி வைத்திருந்தேன்.

“அம்மா ரெண்டு மணிக்கு வந்துடுவாங்கல்லப்பா?” என்று கேட்டாள் குழலி.

“ரெண்டேகாலுக்கு” என்று திருத்தினேன்.

வண்டிக்காரர் காத்தமுத்து பெட்டியைத் தூக்கும்போது முனகினார். “என்ன சார் உள்ள, கல்லா?”

“மணல்.”

“ஆத்தங்கரையிலேர்ந்து மணலக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள போறவர இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று அவர் குதிரையிடம் சொன்னார்.

பாலத்தின் இரு கைப்பிடிச் சுவர்களிலும் வெள்ளம் பார்க்க வந்தவர்கள் சாய்ந்து நின்றிருந்தார்கள். காவிரி செம்மண் நிறமாய்ச் சுழித்து ஓடிற்று. வாழை மரங்களும் வைக்கோற்போர் ஒன்றும் மிதந்து போயின. நான் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மகளிடம் நீரோட்டத்தின் வேகத்தை விளக்கினேன். அவள் ஒரு கையால் வண்டிச் சட்டத்தையும் மறு கையால் வயிற்றையும் பற்றியிருந்தாள்.

பரக்கத் அலியின் கட்டடத்தில் மூன்று மாடிகளுக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டு படிகள். முப்பதாம் படியில் குழலி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கீழிருந்து விரைந்து ஏறிவந்த பரக்கத் அலியின் மனைவி மும்தாஜ், ஐந்து பிள்ளைகள் பெற்றவர், அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

“என்ன சார் இது? இந்த நெலமையில உள்ள புள்ளயவா மாடி ஏத்துவாங்க?”

“மேடான இடமா இருக்கட்டும்னுதான்மா.”

“எங்க வீட்டுக் கூடமே மேடுதான். நான் வாக்கப்பட்டு வந்த நாளா இங்க ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல. நீ மெதுவா எறங்கு கண்ணு” என்று குழலியைத் தோளில் சாய்த்துக் கீழே தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பெட்டியை மட்டும் நானும் காத்தமுத்துவும் மூன்றாம் மாடி வரை ஏற்றி, பிறகு மேலே தங்க எவரும் இல்லை என்பதை உணர்ந்து மீண்டும் இறக்கினோம். காத்தமுத்து ஒன்றும் பேசவில்லை. குதிரையிடம் சொல்வதற்குச் சேர்த்து வைத்துக்கொண்டார் என்று தோன்றியது.

ஒன்றரை மணிக்கு வலி கண்டது என்பது உறுதியாயிற்று. மும்தாஜ் அடுத்த சந்திலிருந்த மருத்துவச்சிக்கு ஆளனுப்பினார். நான் மயிலம்மாளை எதிர்கொண்டு அழைப்பதற்காகத் தெப்பக்குளத்தருகே பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடினேன். இரண்டேகால் ஆயிற்று, இரண்டே முக்கால் ஆயிற்று. திருவரங்கத்துப் பஸ் ஒன்றும் வரவில்லை. நின்றிருந்த கண்டக்டர் ஒருவரை விசாரித்தேன்.

“பாலத்த நிறுத்திட்டாங்க சார். ரெண்டு மணியிலேர்ந்து ஆளையும் விடல, வண்டியையும் விடல. தண்ணி வடிஞ்சாத்தான்.”

திரும்பி நடக்கையில் தலை நிமிர்ந்தேன். நேர் எதிரே மலை. மலை மேல் தாயுமானவர் கோயில். இந்த ஊரில் பிறந்த சிறு குழந்தைக்கும் தெரிந்த தலபுராணம் அப்போது என் நினைவுக்கு வந்தது. காவிரியில் வெள்ளம்; தாய் அக்கரையில்; மகள் இக்கரையில் பேற்று வலியில் துடிக்கிறாள்; தாயால் வர இயலவில்லை; அதனால் இறைவனே தாயின் வடிவில் வந்து அவளுக்குப் பேறு பார்க்கிறான். ஆண்டுதோறும் காவிரிப் பாடம் நடத்துகையில் இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லத் தவறியதில்லை. எங்கள் மகளுக்கு வைத்த பெயரே அந்தக் கோயில் அம்மனுடைய பெயர். அத்தனையும் தெரிந்திருந்த நான், வெள்ளம் வருவதற்கு முன்னரே திட்டமிட்டு, கரும்பலகையில் எழுதி, குதிரை வண்டி அமர்த்தி, மகளை ஒரு கரையிலும் தாயை மறு கரையிலுமாகச் சரியாகப் பிரித்து வைத்திருந்தேன். புராணத்திலாவது அந்தப் பிரிவைச் செய்தது ஆறு.

பரக்கத் அலியின் கடையில் தொலைபேசி இருந்தது. எங்கள் தெரு அரிசி ஆலையிலும் ஒன்று உண்டு. அங்கிருந்த கணக்கர் அற்புதசாமி ஓடிப்போய் மயிலம்மாளை அழைத்து வந்தார்.

“என்னங்க?”

“பாலத்தை அடைச்சுட்டாங்க மயிலு.”

“தெரியும். பஸ்ஸுல ஏறி அம்மாமண்டபம் வரைக்கும் வந்தேன். எறக்கி விட்டுட்டான். குழலி எப்படி இருக்கா?”

“வலி கண்டிருக்கு.”

ஆலை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள்.

“கூட யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்.”

“நீங்க இருக்கீங்கன்னு தெரியுது. ஆளு யாரு இருக்கா?”

“பாய் வீட்டம்மா இருக்காங்க. மருத்துவச்சி வந்துக்கிட்டிருக்காங்க.”

“போன அவங்ககிட்ட குடுங்க.”

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் கண்டதில்லை. மும்தாஜ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். “சொல்லுங்கக்கா… ஆமா… இல்லக்கா, நல்ல வலிதான்… போன தடவயா?” என்றவர் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “சரிக்கா. நான் அவ கைய விடமாட்டேன். நீங்க அழுவாதீங்க” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

“மயிலு என்னம்மா சொன்னா?” என்று கேட்டேன்.

“நீங்க உள்ள வரக் கூடாதாம்.”

மயிலம்மாள் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. அன்றும் பார்க்கவில்லை, அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஏதேனும் உதவ வேண்டும் என்ற ஆவலால் பெட்டியைத் திறந்து காட்டினேன். மும்தாஜ் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

“கயிறு. வரைபடம். இது என்ன, மணலா? வெள்ளத்துக்கு மணல் எதுக்கு சார்?”

“அது தீக்கு.”

“நாம இப்ப இருக்கிறது ரெண்டுலயும் இல்லையே. சுத்தமான பழந்துணி ஒண்ணு இருக்கா?”

இல்லை. ஆபத்து என்றால் என்னவென்று ஒன்பது ஆண்டுகள் சிந்தித்த என் நினைவில், வீட்டில் ஒரு குழந்தை பிறக்கவிருக்கிறது என்பது ஏறவே இல்லை. பரக்கத் அலி கடையிலிருந்து மெல்லிய மல் துணியை ஒரு கட்டாகவே எடுத்து வந்தார். பெட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை மாடிப்படியின் கீழ் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அன்று அந்தப் பெட்டியால் விளைந்த பயன் அதுவே.

பரக்கத் அலி தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்தார். அன்றைய செய்தித்தாளின் ஒரு பாதியை வழக்கம் போல நீட்டினார். மேட்டூர் நீர்மட்டம் இருந்த பக்கம் அது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

“மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டீங்களா சார்?”

“தண்டவாளக் காவலுக்கு அனுப்பியிருக்காங்களாம். எந்தப் பக்கம்னு தெரியலியே.”

“வந்துடுவாரு. எனக்கு ரெண்டாவது பையன் பொறந்தப்ப நான் மதுரையில சரக்கு எடுத்துக்கிட்டிருந்தேன். நாம இருந்தாலும் படியிலதான் உக்காரப்போறோம்.”

மூடிய கதவுக்குப் பின்னால் குழலி, “அம்மா! அம்மா!” என்று கதறினாள். அந்தச் சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் நான் ஆற்றின் அகலத்தை முழம் முழமாக உணர்ந்தேன். இம்முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை அவளிடமிருந்து பறித்தவன் நான். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், “இருக்கேன் கண்ணு, இங்கதான் இருக்கேன்” என்றது. அது மயிலம்மாளின் குரலன்று. ஆனால் குழலி மறுபடி அழைக்க, அந்தக் குரல் மறுபடியும் அதையே சொல்லிற்று. ஒரு முறைகூட அது சலிக்கவில்லை.

ஆறு மணியளவில் மின்சாரம் நின்றது. “விளக்கு! விளக்கு!” என்று உள்ளேயிருந்து மருத்துவச்சி கூவினார். என் காலம் வந்துவிட்டதென்று துள்ளி எழுந்து அரிக்கேனையும் மெழுகில் தோய்த்த தீப்பெட்டியையும் எடுத்தேன். குச்சியை உரசினேன். வழுக்கிற்று. மற்றொன்று, அதுவும் வழுக்கிற்று. குச்சிகளோடு பெட்டியின் உரசும் பக்கத்தையும் சேர்த்து மெழுகில் முக்கியிருந்தேன் என்பது அப்போதுதான் புலப்பட்டது. பரக்கத் அலி சட்டைப்பையிலிருந்து தம் தீப்பெட்டியை எடுத்து ஒரே உரசலில் விளக்கை ஏற்றி உள்ளே கொடுத்தார்.

விளக்கு உள்ளே போன கால் மணி நேரத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்டது. நான் மீண்டும் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். மும்தாஜ் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“பொண்ணு சார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சற்றே இரங்கி, “இப்ப நீங்க உள்ள வரலாம்” என்றார். குழலி கண்களை மூடியிருந்தாள். அவள் விரல்கள் அப்போதும் மும்தாஜின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்தன. அதை விடுவிக்காமல்தான் அவர் கதவு வரை வந்து என்னோடு பேசியிருக்கிறார்.

மறுநாள் காலை நடந்து செல்வோரை மட்டும் பாலத்தில் விட்டார்கள். வந்தவர்களுள் முதல் ஆள் மயிலம்மாள். ஒரு தூக்குச் சட்டியுடன் என்னைக் கடந்து, என்னைப் பாராமலே உள்ளே போனாள். கதவிடுக்கில் கண்டேன்: குழந்தையைப் பார்த்தாள், மகளின் நெற்றியை வருடினாள், பிறகு மும்தாஜின் இரு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைபேசியில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள் போலும்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்து என்னருகில் நின்றாள்.

“வீட்டுல தண்ணி வந்துச்சா?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

“வாசப்படிகூட நனையல. கொள்ளிடக்கரையிலேர்ந்து மூணு குடும்பத்தப் பொன்னுத்தாய் கூட்டிட்டு வந்தா. நம்ம வீட்டுலதான் இருக்காங்க, பத்தொம்பது பேரு. சோறு ஆனதும் உங்க தண்டவாளத்த அடிச்சேன்.”

“வந்தாங்களா?”

“ஒரே நிமிஷத்துல அத்தன பேரும் முத்தத்துக்கு வந்துட்டாங்க. உங்க ஒத்திகை நல்லாத்தாங்க வேலை செய்யுது, சோத்துக்கு அடிச்சா.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் என் கழுத்தில் முந்தைய நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஊதலைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தர்மராஜ் மறுநாளே தண்டவாளக் காவலிலிருந்து வந்து மகளைப் பார்த்தார். பத்து நாட்களுக்குப் பின், ஆறு தணிந்து, குழலியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நால்வராகத் திரும்பினோம். கொள்ளிடக்கரைக் குடும்பங்கள் தங்கள் இடங்களுக்குப் போய்விட்டிருந்தன. கூடத்தில் கரும்பலகை அப்படியே இருந்தது. என் முத்தான கையெழுத்தில் ‘முதல் அணி’, ‘இரண்டாம் அணி’ என்ற தலைப்புகளின் கீழ், யாரோ ஒரு குழந்தை ஒரு கோழியை வரைந்திருந்தது. நான் ஈரத் துணியை எடுத்துத் தலைப்புகளைத் துடைத்தேன். கோழியை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் இனி ஒரே அணிதான் என்று அன்று தீர்மானித்தேன். போவதானால் எல்லாரும் ஒன்றாகப் போவது. இருப்பதானால் ஒன்றாக இருப்பது. போவதா இருப்பதா என்பதை மயிலம்மாள் சொல்வாள்.